நட் அசையவில்லையா? பைப்பை எடுக்காதீர்கள்

கேள்வி: என்னிடம் 1098 சிசி மோரிஸ் மைனர் கார் இருக்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) கழற்றப் போனால் இரண்டு நட்டுகள் அசையவே இல்லை. 13 மி.மீ. சாக்கெட் போட்டுத் திருகியதில் ஒன்று மழுங்கிவிட்டது. டபிள்யூ.டி.-40 அடித்தும் பயனில்லை. ஸ்பேனர் பிடியில் நீளப் பைப்பு மாட்டித் திருகலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த ஸ்டட்டின் (நட் ஏறும் மரைக்கம்பி) தடிமன் 5/16 அங்குலம்தான். பைப்பு மாட்டினால் நட் கழலுவதற்கு முன்பே ஸ்டட் முறிந்துவிடும். பிறகு இன்ஜின் ஹெட்டில் துளையிட்டு எடுக்கிற வேலை.

முதல் கோளாறு சாக்கெட்டில் இருக்கிறது. மோரிஸ் இன்ஜின் அங்குல அளவில் செய்தது. அந்த நட்டுக்கு 1/2 அங்குல சாக்கெட் வேண்டும், அதாவது 12.7 மி.மீ. ஜப்பான் கார்களுக்கும் புரோட்டோனுக்கும் வாங்கிய செட்டில் உள்ள 13 அதன்மேல் ஆடும். துரு அரித்த நட் என்றால் இன்னும் ஆடும். அங்குல செட் ஒன்று வாங்குங்கள். பன்னிரண்டு முனை வேண்டாம், ஆறு முனையே நட்டின் பக்கங்களை முழுதாகப் பிடிக்கும். ஏற்கெனவே மழுங்கிய நட்டின்மேல் பழைய 12 மி.மீ. ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றிப் பாருங்கள்.

திருகுவதற்கு முன்னால், நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேயுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இதுதான். கழன்ற நட் அந்த மரைமேல்தான் வெளியே வர வேண்டும். அங்கே துரு இருந்தால் பாதி வழியில் இறுகி ஸ்டட்டையே முறித்துவிடும்.

டபிள்யூ.டி.-40 ஈரத்தை விரட்டும். இறுகிய மரைக்குள் இறங்குவதற்கு அது போதாது. அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் (ஏ.டி.எஃப்.) சம அளவில் கலந்து, ஒவ்வொரு முறையும் குலுக்கி, காலையும் மாலையும் சில துளிகள் விடுங்கள். விட்டதும் நட்டைச் சுற்றிச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். துரு விரிசல் விட்டால்தான் எண்ணெய் இறங்கும். இரண்டு மூன்று நாள் பொறுங்கள். கலவை பெயிண்டில் படக்கூடாது, அசிட்டோன் அதை உரித்துவிடும்.

அதற்கும் மசியாவிட்டால் சூடு. இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். ஆகவே முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், கார்புரேட்டரை அகற்றுங்கள், பெட்ரோல் குழாயின் வாயை அடைத்துவிடுங்கள், அசிட்டோன் முழுக்க ஆவியாகட்டும். தீயணைப்பான் கையருகே இருக்க வேண்டும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பே காட்டாதீர்கள். சிலவற்றிலிருந்து நச்சுவாயு கிளம்பும். நெருப்பை ஸ்டட்டில் அல்ல, நட்டில் காட்டுங்கள். நட் விரிந்தால்தான் பிடி தளரும். இரும்பு நட் மங்கிய சிவப்பாகும்வரை சுடலாம். பித்தளை நட் என்றால் அவ்வளவு வேண்டாம், அது இரும்பைவிட அதிகம் விரியும்.

இப்போது முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு, பிறகு கழற்றும் பக்கம். கிறீச்சிட்டால் நிறுத்தி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாகக் கொண்டுவாருங்கள். திரும்பப் போடும்போது புதுப் பித்தளை நட்டும் செம்பு கிரீஸும் போட்டு 15 பவுண்டு-அடி (20 நியூட்டன் மீட்டர்) மட்டும் இறுக்குங்கள்.

கேள்வி: அதே மாடல் இன்ஜின். தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்ட் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) மூடியின் மூன்று நட்டும் கழன்றன, மூடி மட்டும் வரவில்லை.
– வாசகி, ஜோர்ஜ்டவுன்

பதில்: அலுமினிய மூடி, இரும்பு ஸ்டட், நடுவே கூலன்ட் தண்ணீர். இரண்டு உலோகமும் சேர்ந்து அரித்த வெள்ளைப் பொடிதான் துளைக்குள் அடைத்து மூடியைப் பிடித்திருக்கிறது. ஸ்டட் ஓரத்தில் எண்ணெய் ஊறவிட்டு, ஹாட் கன்னால் (சூடான காற்று ஊதும் கருவி) மூடியைச் சூடாக்கி, ரப்பர் சுத்தியலால் நாலாபுறமும் தட்டுங்கள். அலுமினியம் சிவக்காமலேயே உருகிவிடும், ஆகவே கேஸ் டார்ச் வேண்டாம். ஒரு ஸ்டட்டில் இரண்டு நட் போட்டு ஒன்றோடொன்று இறுக்கி, உள் நட்டைத் திருகினால் ஸ்டட்டே ஹெட்டிலிருந்து வந்துவிடக்கூடும். எதற்கும் வராவிட்டால் மூடியை ரம்பத்தால் அறுத்தெடுங்கள். புது மூடி வாங்கிக்கொள்ளலாம். ஹெட்டின் மரை கெட்டால் செலவு பலமடங்கு.

கேள்வி: முறிந்த ஸ்டட்டை ஈஸி-அவுட் (ஸ்டட்டில் துளையிட்டுச் செருகி, கழற்றும் பக்கம் திருகும் கருவி) போட்டு எடுக்கலாமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: கடைசி வழியாக மட்டும். ஈஸி-அவுட் உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடாது. ஸ்டட் சற்று நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். அந்தச் சூடே பாதி வேலையை முடிக்கும். ஹெட்டோடு மட்டமாக முறிந்திருந்தால், சரியாக நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து இடக்கை டிரில் பிட்டால் (கழற்றும் பக்கம் சுழன்று துளையிடுவது) துளையிடுங்கள். துளை ஆழமாகும்போதே துண்டு சுழன்று வெளியே வருவது உண்டு.