நியூ கனாலில் தண்ணீர் எங்கே?

அன்புள்ள ஐயா,

மகள் வீட்டில் தங்குவதற்காக இங்கிலாந்தின் சாலிஸ்பரிக்கு வந்திருக்கிறேன். பொழுது போகாமல் ஊரின் வரலாற்றை ஒரு வரைபடத்தில் குறிக்க ஆரம்பித்தேன். நாற்பது புள்ளிகள் வைத்ததில் முப்பது பேராலய வளாகத்துக்குள்ளேயே விழுந்துவிட்டன. சந்தைப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. எங்கே தவறினேன்?

ம.

அன்புள்ள ம.,

123 மீட்டர் உயரக் கோபுரம் கண்ணெதிரே நின்றால் யாருக்கும் இதுதான் நடக்கும். ஆனால் 1220-இல் அடிக்கல், 1258-இல் பிரதிஷ்டை என்று எல்லாம் எழுதிவைக்கப்பட்ட கட்டடத்துக்கு நீங்கள் புதிதாகப் புள்ளி வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

சந்தைக்குப் போங்கள். மன்னர் மூன்றாம் ஹென்றி 1227-இல் ஊருக்குச் சாசனம் கொடுத்தார். செவ்வாயும் சனியும் இன்றும் சந்தை நாள். சதுக்கத்தை ஒட்டி ஃபிஷ் ரோ, புட்சர் ரோ, ஓட்மீல் ரோ என்று ஒடுங்கிய தெருக்கள் இருக்குமே, அவை முதலில் தெருக்களே அல்ல. திறந்த சந்தையில் மீன்காரரும் கறிக்கடைக்காரரும் வரிசையாகப் போட்ட கடைகள். பலகை கூரையானது, கூரை சுவரானது, அப்புறம் மாடியும் வந்தது. ஆக்கிரமிப்புதான், வேறென்ன! ஆகவே அங்கே புள்ளி வைக்காதீர்கள். பழைய சதுக்கத்தின் எல்லையைக் கோடாகப் போட்டு, கடைவரிசைகள் அதைத் தின்ற இடத்தை வேறு நிறத்தில் தீட்டுங்கள். கோழி விற்ற இடத்தில் பவுல்ட்ரி கிராஸ் மண்டபம் நிற்கிறது. சீஸ் விற்ற இடத்திலிருந்த மண்டபம் போய்விட்டது, சீஸ்மார்க்கெட் என்ற பெயர் மட்டும் மிச்சம். அதையும் குறியுங்கள், உள்ளீடற்ற வட்டமாக.

அடுத்தது தண்ணீர். நியூ கனால் என்றொரு தெரு உண்டு. கால்வாய் பார்க்கலாம் என்று போனால் தார்ச்சாலைதான் இருக்கும். ஒரு காலத்தில் இந்த ஊர்த் தெருக்களில் வாய்க்கால்கள் ஓடின. 1611-இல் ஜான் ஸ்பீடு வெளியிட்ட வரைபடத்திலேயே அவற்றைப் பார்க்கலாம். குடிக்கவும் அதே நீர், கழிவு போவதும் அதே நீர். 1849-இல் காலரா வந்தது. மிடில்டன் என்ற மருத்துவர் விடாமல் போராடியதில் 1850-களில் வாய்க்கால்களைத் தூர்த்துக் குழாய் பதித்தார்கள். அப்போது சேற்றிலிருந்து அள்ளிய சாவிகள், கத்திகள், சில்லறைச் சாமான்களை ஊர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நானாக இருந்தால் பேராலயத்துக்கு முன்பே அந்தக் கண்ணாடிப் பெட்டியிடம் போவேன். 1611-க்கு ஒரு தாள், நெய்ஷ் என்பவர் போட்ட 1716 வரைபடத்துக்கு ஒரு தாள், இன்றைக்கு ஒன்று. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.

சரி, அந்த முப்பது புள்ளிகளை அழிக்க வேண்டாம். வளாக மதிலில் சில கற்களில் மட்டும் செதுக்கு வேலை தென்படும். அவை ஓல்டு சாரம் குன்றிலிருந்த பழைய பேராலயத்தைப் பிரித்துக் கொண்டுவந்தவை. குன்று ஊருக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். உங்கள் தாளில் அதற்கு இடம் இருக்காது, மேலே இன்னொரு தாளை ஒட்டிக்கொள்ளுங்கள்.