மைக் செட் படிப்பா என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கும் சேர்த்து

காரைக்குடியிலிருந்து ஒரு ஆச்சி எழுதியிருக்கிறார். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான், பேஸ் கிட்டார் வாசிப்பவன். அவனுடைய குழுவுக்கு ஒரு பெரிய பேண்டின் நிகழ்ச்சிகளில் முதலில் மேடையேறி வாசிக்கும் வாய்ப்பு கிடைத்து, கோடை விடுமுறையில் மதுரை, கோவை, பெங்களூர் என்று சுற்றிவிட்டு வந்திருக்கிறார்கள். வந்ததிலிருந்து இன்ஜினியரிங் வேண்டாம், சவுண்ட்தான் படிப்பேன் என்கிறானாம். அவனுடைய அம்மானோ, அதாவது தாய்மாமன், சென்னையில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு பேசி வைத்துவிட்டார். நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறார் ஆச்சி.

ஆச்சி, பெற்ற வயிறு பதறத்தான் செய்யும். ஆனால் நகையை வைக்காதீர்கள். பிள்ளைக்கு மனசே இல்லாத படிப்புக்குக் கடன் வாங்கி நான்கு வருடம் பணம் கட்ட நான் ஒருநாளும் சரி சொல்ல மாட்டேன். ‘மைக் செட்டுக்காரனாகப் போறானா?’ என்று கல்யாண வீட்டில் கேட்கிற பங்காளிகள் யாரும் வட்டி கட்ட வரப்போவதில்லை.

அந்தப் பயணத்தில் அவன் என்ன பார்த்திருப்பான் என்று யோசியுங்கள். முதலில் வாசிக்கும் குழுவுக்கு அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது. மெயின் பேண்டு மத்தியானமெல்லாம் சவுண்ட் செக் செய்து முடித்தபின் மிச்சமிருக்கும் பத்து நிமிடத்தில் மைக் வேலை செய்கிறதா, வயர் சரியா என்று மட்டும் பார்ப்பார்கள், அவர்களுடைய டிரம்ஸ் நடுமேடையில் அப்படியே நிற்கும், அதற்கு முன்னால் கிடைத்த இடத்தில் நெருக்கிக்கொண்டு வாசிக்க வேண்டும். கேட்பவர்களும் இவர்களுக்காக வந்தவர்கள் இல்லை. 1967-ல் கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், மங்கீஸ் என்ற பாப் குழுவுக்கு முன்னால் வாசித்தபோது கூட்டம் மங்கீஸைக் கேட்டுக் கத்த, சில நிகழ்ச்சிகளோடு அவர் விலகிக்கொண்டார். அவருக்கே அந்த நிலைமை.

இத்தனைக்கும் நடுவில் உங்கள் பையன் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பக்கத்தில் போய் நின்றிருக்கிறான். காலி ஹாலில் சரியாக இருந்த சத்தம் ஆட்கள் நிறைந்ததும் ஏன் மங்குகிறது, கிட்டாரில் வரும் ‘ம்ம்ம்’ இரைச்சல் எர்த்திங் கோளாறா, மைதானத்தின் பின்பகுதியில் வைத்த ஸ்பீக்கருக்கு ஏன் சத்தத்தைத் தாமதித்து அனுப்புகிறார்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறான். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 34 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு மேடைச் சத்தம் பத்தில் ஒரு நொடி கழித்துத்தான் வந்து சேரும். இது முழுக்க பிசிக்ஸ். வீட்டு வளவில் பிராக்டிஸ் செய்யும்போது ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் வழுவழுச் சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிக்கிறது என்று ஜமுக்காளமும் மெத்தையும் கொண்டுவந்து போட்டான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே! யாரும் சொல்லித்தராமல் அதைச் செய்த பிள்ளையைப் பிடித்து கோடிங் படிக்க அனுப்புவானேன்?

சென்னை தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கென்றே நான்கு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. அரசு நிறுவனம் என்பதால் கட்டணத்துக்கு நகை தேவைப்படாது. சினிமாவை வைத்து அமைத்த பாடம்தான், ஆனாலும் மைக்கும் மிக்சரும் அறையின் ஒலியும் மேடைக்கும் அதேதான். இடங்கள் குறைவு, அதனால் அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். கிடைக்காவிட்டால் ஊரிலேயே அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் சேரட்டும், சனி ஞாயிறு நல்ல சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவரிடம் கேபிள் சுற்றுவதிலிருந்து தொடங்கட்டும். நம் பக்கம் திருவிழாவுக்கும் கச்சேரிக்கும் குறைவா என்ன? ஆரம்பத்தில் வருமானம் ஒரே சீராக இருக்காது, அதையும் அவனிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

பேண்டை விடச் சொல்லாதீர்கள். ஆனால் பணவிஷயத்தில் அவனிடமும் கண்டிப்பாக இருங்கள். போன பயணத்தில் வேன், சாப்பாடு, தங்கல் எல்லாம் போக ஆளுக்கு என்ன மிஞ்சியது என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். மெயின் பேண்டுக்கு முன்னால் வாசிக்க நீங்கள்தான் பணம் தர வேண்டும் என்று யாராவது கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. அம்மானிடம் சீட்டு வேண்டாம் என்று முன்பணம் கட்டுவதற்குள் சொல்லிவிடுங்கள், கட்டிவிட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.