டிபன் டப்பா சைஸ் கம்ப்யூட்டர் தறி ஆபீசுக்கு ஆகுமா?

சோமனூர்ல தறி வெச்சிருக்கற ஒரு அண்ணன் கேட்டிருக்காரு: டேலி, ஜிஎஸ்டி பில்லு, வாட்ஸ்அப், இவ்வளவுதான் வேலை, பழைய டவர் கம்ப்யூட்டர் போயிருச்சு, மினி பிசி 15,000 ரூபாய்க்கு தர்றேங்கறாங்க, கரண்டும் மிச்சங்கறாங்க, நம்பி வாங்கலாமா?

வாங்கலாமுங்க. உங்க வேலைக்குத் தாராளம். இந்த டப்பாக்கள்ல இப்ப நெறய வர்றது இன்டெல் என்100 சிப்பு, 2023ல வந்தது, 6 வாட்டுன்னு போட்டிருக்கும், டேலி ஓடறப்ப டப்பா மொத்தமும் சேத்து பத்துப் பதினஞ்சு வாட்டு இழுக்கும். பழைய டவர் 80 வாட்டுன்னா பத்து மணி நேரம், மாசம் 25 நாளு, 20 யூனிட்டு ஆச்சு. இது மூணு நாலு யூனிட்டு. யூனிட்டு பத்து ரூபான்னு வெச்சாலும் 160 ரூபாதான் மிச்சம், அதுல ஊடு கட்ட முடியாதுங்க. ஆனா கரண்டு போனா அதே சின்ன யூபிஎஸ்ல ரொம்ப நேரம் தாங்கும் பாருங்க, லாபம் அங்கதான்.

வீடியோ எடிட்டிங், கேமுக்கெல்லாம் ஆகாது, அத விடுங்க.

பயம் எனக்கு டப்பா மேல இல்ல, விக்கறவன் மேல. "ஐ7, 16 ஜிபி, 9,500 ரூபா"ன்னு ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருப்பான், எந்த ஜெனரேஷன்னு கேட்டா "எல்லாம் ஒண்ணுதாங்ணா"ம்பான். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குனா டாஸ்க் மேனேஜர் தொறக்கும், அதுல பெர்ஃபார்மன்ஸ்ல பாருங்க, ஐ7-6700டின்னு இருந்தா அது 6வது ஜெனரேஷன், 2015 சரக்கு. விண்டோஸ் 11க்கு இன்டெல்ல 8வதாவது வேணும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான அப்டேட்ட நிறுத்திட்டாங்க, நல்லா ஓடிட்டிருந்த மெஷினெல்லாம் ஒரே நாள்ல பழசாயிருச்சு, இதக் கேக்க ஆளில்ல. அந்தப் பழசத்தான் தொடச்சு பாலிஷ் போட்டு உங்க தலைல கட்டறானுங்க. இன்னொண்ணு, 'எஸ்எஸ்டி'ன்னு வாயில சொல்லிட்டு போர்டோட ஒட்டுன இஎம்எம்சிங்கற ஸ்டோரேஜ் சிப்பு குடுப்பான், அது போச்சுன்னா மாத்தவே முடியாது. பில்லுல சீரியல் நம்பரோட எழுதி வாங்குங்க.

அடாப்டர் தொலஞ்சா லேப்டாப் அடாப்டர சொருகிறாதீங்க. பின்னு கச்சிதமா உள்ள போகும், ஆனா பல டப்பாவுக்கு 12 வோல்ட்டு, அது 19. போன மாசம் இப்படிக் கருகுன போர்டு ஒண்ணு என் மேசைல கெடந்துச்சு, வாரண்டி கேட்டதுக்கு கம்பெனிக்காரன் மூணு வாரம் மெயில் மேல மெயிலாப் போட வெச்சு கடைசில கைய விரிச்சுட்டான்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் நல்லா கேட்டுக்கங்க. நூல் எடை போடற தராசுல இருந்து கம்ப்யூட்டருக்கு ஒயரு வருதுங்களா? அது ஒம்பது பின்னு சீரியல் ஒயரா இருந்தா இந்த டப்பாக்கள்ல பெரும்பாலும் அதுக்கு எடமே இருக்காது, யூஎஸ்பிக்கு மாத்தற கேபிள் வேணும், அதுலயும் எரநூறு ரூபா கேபிள்ல டூப்ளிகேட் சிப்பு இருக்கும், புது விண்டோஸ் டிரைவர் அத ஏத்துக்காது, எடை வராது, ஆபீஸ் பொண்ணு தராசு கெட்டுப்போச்சும்பாங்க. எஃப்டிடிஐங்கற கம்பெனி சிப்பு போட்ட கேபிளா கேளுங்க. மாட்டுனப்புறம் அதே ஓட்டைலயே விட்டுருங்க, வேற ஓட்டைல சொருகுனா சில கேபிளுக்கு காம் போர்ட் நம்பர், அதாவது அந்த ஒயருக்கு விண்டோஸ் குடுக்கற நம்பர், மாறி மறுபடியும் எடை வராது.

தறிப் பஞ்சு ஃபேன்ல அடைக்கும், மாசம் ஒருக்கா புளோயர் புடிங்க. கடைக்குப் போறப்ப தராசு ஒயரு முனைய போன்ல போட்டோ எடுத்துட்டுப் போங்ண்ணா.