அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) 'கோச்சிங் ட்ரீ' என்றால் என்ன?

ஒரு தலைமைப் பயிற்சியாளரிடம் உதவியாளராக இருந்துவிட்டு, அப்புறம் வேறு அணிக்குத் தலைமை ஏற்றவர்களின் வரிசைதான் கோச்சிங் ட்ரீ. பெரிய சமையல் மாஸ்டரிடம் வெங்காயம் உரித்துக் கைப்பக்குவம் பழகியவர் தனிக்கடை போடுவது மாதிரி. ஆட்டக்காரர்கள் சில வருடங்களில் படிப்பை முடித்துக் கிளம்பிவிடுவார்கள். வேலை செய்யும் முறை பயிற்சியாளரோடுதான் ஊர் மாறும். உதவியாளர்களுக்கு இவ்வளவு கிராக்கி இருப்பது அதனால்தான்.

பயிற்சியாளர் நிக் சேபனையே பாருங்கள். கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் டான் ஜேம்ஸிடம் உதவியாளராகத் தொடங்கியவர். 2007 முதல் 2023 வரை அலபாமா பல்கலைக்கழகத்தில் மட்டும் 6 தேசியப் பட்டங்கள். அங்கே தற்காப்பு ஆட்டத்தைக் கவனித்துக்கொண்ட கர்பி ஸ்மார்ட், 2016 முதல் ஜார்ஜியா பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளர்.

சீடர் குருவின் நகல், அவரை ஜெயிக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் 2022 ஜனவரியில் நடந்த தேசிய இறுதிப் போட்டியில் ஸ்மார்ட்டின் அணி 33-18 என்று சேபனின் அணியையே வீழ்த்தியது.