கோழியைத் துரத்தும் நாய்

உங்கள் நாய் வளவில் கோழிகளைத் துரத்துகிறது, எப்படி நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்ட வேண்டாம். அப்படிக் கட்டினால் விட்டுவிடும் என்று அயலவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதால் நாய் நாறுமே தவிர, துரத்துவதை விடாது.

எட்டு மாத நாய். பகல் முழுக்கச் சங்கிலியில் கிடந்துவிட்டு, பின்னேரம் அவிழ்த்ததும் வளவுக்குள் சிறகடித்து ஓடுவதைக் கண்டால் துரத்தத்தான் செய்யும். அதற்கு அது விளையாட்டு.

முதலில் ஒழுங்கை வழியே நன்றாக நடத்திக் களைக்க வையுங்கள். அப்புறம் கயிற்றோடு, கோழிகள் தெரியும் தூரத்தில் நிறுத்திப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்த்தால் உடனே முள்ளில்லாத மீன்துண்டு ஒன்று. விறைத்து நின்றால் தூரம் போதாது, இன்னும் பின்னுக்கு வாருங்கள்.

குஞ்சுகள் உள்ள இடத்தில் பழகிய நாயையும் தனியே விடாதீர்கள். கூட்டைச் சுற்றிக் கம்பிவலை அடியுங்கள். கிடுகு வேலியில் ஒரு பொட்டு இருந்தாலே பூந்துவிடும்.