ஏற்காடு ஏறலாம், இறங்குவதுதான் யோசனை

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 46, எடை 72 கிலோ. பி.பி.க்கு மாத்திரை எடுக்கிறேன். பள்ளி நண்பர் ஒருவர் இழுத்துப் போனதில், மூன்று மாதமாக வாரம் ஆறு நாளும் காலை 5.30 மணி குரூப் வகுப்புக்குப் போகிறேன். பர்ப்பி (தரையில் படுத்தெழுந்து குதிப்பது), ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) என்று ஒரு மணி நேரம் பிழிந்தெடுக்கிறார்கள். உடம்பு லேசாக இருக்கிறது, ஆனால் எடை ஒன்றரை கிலோதான் குறைந்திருக்கிறது. காலை 11 மணிக்கு அகோரப் பசி, ராத்திரி 8.30க்கே கண் சொக்குகிறது. படி இறங்கினால் வலது முட்டி வலிக்கிறது. வீடே என் கிளாஸ் நேரத்துக்கு ஓடுகிறது என்று மனைவிக்குக் கோபம். அடுத்த மாதம் எல்லோரும் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஓடி ஏறி, ஓடியே இறங்கப் போகிறார்கள். நானும் போகலாமா?

பதில்: பட்டறையில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும்போது யாராவது கூப்பிட்டால் எப்படி எழுந்திருக்கிறீர்கள் என்று நாளைக்குக் கவனித்துப் பாருங்கள். மூன்று மாதம் முன்பு ஒரு கை தரையில், இன்னொரு கை முட்டியில், கூடவே ஒரு 'அப்பாடா'. இப்போது கை ஊன்றாமல் எழ முடிகிறது என்றால், வகுப்பு வேலை செய்கிறது. தொடைக்கும் இடுப்புக்கும் திரும்பிய பலத்தை எடை மெஷின் காட்டாது. தசை கூடி, கொழுப்பு குறையும்போது முள் நகராமலே நிற்கும். டேப் எடுத்துத் தொப்புள் மட்டத்தில் சுற்றளவு பாருங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருந்தால் நல்லது. வேட்டி மடிப்பும் பெல்ட் ஓட்டையும்கூட நேர்மையான சாட்சிகள்.

என் கவலை அந்த ஆறு நாள்தான். கடும் பயிற்சி என்றால் வாரத்துக்கு 75 முதல் 150 நிமிடம், அதோடு இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். நீங்கள் எடுத்த எடுப்பிலேயே 360 நிமிடம். அதற்கு மேல் செய்யவே கூடாது என்றில்லை, ஆனால் வருஷக்கணக்கில் பழகியவர்களின் அளவு அது. மூச்சும் இதயமும் சில வாரத்தில் பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் பல மாதம் கேட்கும். மூச்சு 'போகலாம்' என்று சொல்லும்போது முட்டி இன்னும் தயாராகியிருக்காது. நாற்பதைத் தாண்டியவர்களிடம் நான் பார்க்கும் வலிகளில் பாதி இந்த இடைவெளியில் வருகிறது.

கூட்டமும் ஒரு காரணம். சைக்கிள் பந்தயக்காரர்கள் தனியாக ஓட்டுவதைவிடக் கூட ஆள் இருக்கும்போது வேகமாக ஓட்டுகிறார்கள் என்பதை அமெரிக்க உளவியலாளர் நார்மன் டிரிப்லெட் 1898லேயே எழுதிவிட்டார். பக்கத்தில் 28 வயதுப் பையன் பதினைந்து பர்ப்பி போட்டால் உங்களுக்குப் பத்தோடு நிறுத்த மனம் வராது. டபாட்டா என்று 20 விநாடி வேகம், 10 விநாடி ஓய்வு கொடுப்பார்களே, அதற்கு அடிப்படையாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட ஆய்வில் பங்கெடுத்தவர்கள் உடற்கல்வி படிக்கும் இளைஞர்கள், அதுவும் நிலையான சைக்கிளில். தப்பான முறை என்று சொல்லவில்லை. 46 வயதில், மாத்திரை போட்டுக்கொண்டு, குதித்துக் குதித்துச் செய்பவர் அதே கணக்கில் போக வேண்டியதில்லை.

திங்கள், புதன், வெள்ளி மட்டும் முழுக் கடுமை வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இரண்டு நாள் நடை. மூக்கனேரிப் பக்கம் பேசிக்கொண்டே நடக்கிற வேகம் போதும். மிச்ச நாள் சும்மா. கல்யாண சீசனில் ஆர்டர் நெருக்கி 11 மணி வரை பட்டறையில் இருந்தால், மறுநாள் வகுப்புக்கு மட்டம் போடுங்கள். ஐந்து மணி நேரத் தூக்கத்தில் செய்யும் பயிற்சி உடம்பைக் கட்டாது, கடன்தான் ஏற்றும். 8.30க்கே கண் சொக்குவது நோய் இல்லை, 5 மணிக்கு எழுகிறவனுக்கு நியாயமான தூக்கம். ராத்திரிச் சாப்பாட்டை 7.30க்குக் கொண்டுவந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

அப்புறம் அந்த 11 மணிப் பசி. வகுப்பு முடிந்து நாலு இட்லி சாப்பிட்டால் புரதம் எட்டு கிராம் தேறினால் அதிகம். கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்தால் உங்களுக்கு நாளைக்கு 86 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு, ஒரு கை வேர்க்கடலையில் ஏழு. கொள்ளு நம் பக்கத்துச் சொத்து, ஆனால் ரசம் வைத்தால் புரதம் பெரும்பாலும் வேகவைத்த கொள்ளிலேயே தங்கிவிடும். கடைந்து சாப்பிடுங்கள். பசிக்குத் தட்டுவடை செட் ஓடிவந்து நிற்கும், தெரியும். வாரம் ஒரு நாள் சாப்பிடுங்கள், தினமும் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

மனைவியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. உங்கள் 5 மணி அலாரம் அவர் காதிலும் அடிக்கிறது. முட்டை வேகவைப்பது, சாப்பாட்டை முன்னால் கொண்டுவருவது, வியர்வைத் துணி துவைப்பது எல்லாம் யார் தலையில் விழுகிறது? முட்டையை நீங்களே வேகவையுங்கள். வகுப்பில்லாத நாட்களில் காலை அடுப்பு உங்களுடையது.

பி.பி.க்கு வருவோம். அட்டெனலால், மெட்டோபிரோலால் வகை மாத்திரை என்றால் நாடித்துடிப்பு அதிகம் ஏறாது, கைக்கடிகாரத்தை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள். இரண்டு மூன்று வார்த்தைகூடப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் அதுவே உங்கள் எல்லை. கெட்டில்பெல் தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், அழுத்தம் சட்டென்று எகிறும். முடித்ததும் அப்படியே நிற்காமல் ஐந்து நிமிடம் நடந்து ஆறுங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம் வந்தாலோ, சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ அன்றே மருத்துவமனை. படுத்தபடி எடுத்த இ.சி.ஜி. நார்மல் என்பதை மட்டும் வைத்து மலை ஏறக் கிளம்ப வேண்டாம். முன்கூட்டியே மருத்துவரைப் பார்த்து, டிரெட்மில் சோதனை தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

சரி, ஏற்காடு. கடல் மட்டத்திலிருந்து சேலம் 300 மீட்டர் உயரம்கூட இல்லை, ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர், நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது, முட்டிச் சில்லின் மேல் பளு கூடுகிறது. மறுநாளைவிட இரண்டாம் நாள் அதிகமாக வலிப்பதும் இந்த வகை வேலையால்தான். படி இறங்கவே வலிக்கும் முட்டியோடு மலை இறங்கி ஓடுவது வம்பு. முட்டி வலி தீரும்வரை குதிக்கும் பயிற்சிகளை விட்டுவிட்டு, ஒரு படி உயரத்திலிருந்து மெதுவாகக் கால் இறக்கும் பயிற்சியை வலி கூடாத அளவுக்குச் செய்யுங்கள். பட்டறையில் அரை மணிக்கு ஒரு தடவை காலை நீட்டுங்கள், மடக்கியே உட்கார்ந்திருப்பதும் இந்த வலியைக் கூட்டும். முட்டி வீங்கினாலோ, பாதியில் பூட்டிக்கொண்டாலோ எலும்பு மருத்துவர்தான்.

மருத்துவர் சரி என்றால், ஓடாமல் நடந்து ஏறுங்கள். திரும்பும்போது பஸ். கூட்டாளிகள் கேலி செய்தால், முட்டி என்னுடையது என்று சொல்லிவிட்டு டிக்கெட் எடுங்கள்.