பதினைந்து வீடு சேர்ந்து பால் ஆடு வளர்க்கப் போகிறோம். எந்த இனம் வாங்கலாம்?

இனத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் கிடா யார் பொறுப்பு என்று பேசி முடியுங்கள். நாங்கள் அதைப் பேசாமல் தொடங்கி, மூன்று வருடத்தை வீணடித்தோம்.

எங்கள் குழு வாங்கியது தலைச்சேரி ஆடு. மலபார் பக்கத்து இனம். இரட்டைக் குட்டி சாதாரணம், பாலும் உண்டு. ஆனால் எங்களிடம் வருடத்துக்கு வருடம் பால் குறைந்துகொண்டே வந்தது. தீவனம் சரியில்லை என்று அகத்தி, சவுண்டல் எல்லாம் நட்டோம். கோளாறு அதில் இல்லை. கொழுகொழுவென்று வளரும் கிடாக்குட்டியைப் பக்ரீத்துக்கோ கோயில் கொடைக்கோ வியாபாரி முதலில் பிடித்துக்கொண்டு போய்விடுவார். விலைபோகாத நோஞ்சான்தான் மந்தையில் மிஞ்சும். அதுதான் அடுத்த தலைமுறைக்கு அப்பன்! எத்தியோப்பியாவில் போங்கா, மென்ஸ் பகுதிச் செம்மறி வளர்ப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். 2009 வாக்கில் அங்கே தொடங்கிய கூட்டு இனவிருத்தித் திட்டத்தில், நல்ல கடாவை விற்காமல் ஊரே வைத்துக்கொள்வதுதான் அடிப்படை.

நாங்களும் அப்படித்தான் மாறினோம். வீட்டுக்கு 200 ரூபாய் போட்டு, வியாபாரி கேட்ட விலையையே கொடுத்துக் குட்டியைக் குழுவுக்கு வாங்கினோம். 20, 25 பெட்டைக்கு ஒரு கிடா போதும். ஒன்றரை வருடத்தில் அதன் மகள்களே பருவத்துக்கு வந்து நிற்கும், அதற்குள் பக்கத்து ஊர்க் குழுவோடு கிடாவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

எந்தக் குட்டி நல்ல குட்டி? தாயின் பாலைப் பார்க்காமல் சொல்ல முடியாது. அதற்கு நோட்டு வேண்டும். காது வில்லை எண், தாய், கிடா, குட்டி போட்ட தேதி, 15 நாளுக்கு ஒருமுறை காலை, மாலைப் பால். இதில் ஒரு கூத்து: எங்கள் பெரியம்மா ஒருத்தர் ஆடு மட்டும் எப்போதும் முதலிடம். போய்ப் பார்த்தால் செம்பில் பாதி நுரை. அதற்குப் பிறகு தொங்கு தராசில் எடை போடத் தொடங்கினோம், முதலிடமும் கைமாறியது. பெரியம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

பயிற்சியை மண்டபத்தில் நாற்காலி போட்டு நடத்தாதீர்கள், கொட்டிலில் நடத்துங்கள். வால் ஆட்டிக் கத்தும் பெட்டையை நேரில் காட்டினால்தான் கிடாவோடு சேரும் பருவம் எது என்று பிடிபடும். அன்று தவறினால் மறுபடி 21 நாள் காத்திருக்க வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி, குட்டி விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால்: இந்த இரண்டையும் குழுவில் இரண்டு பெண்களாவது தலைகீழாகத் தெரிந்து வைத்திருக்கட்டும்.

கிடாவைக் கறவை ஆட்டுப் பக்கத்தில் கட்டாதீர்கள். பாலில் அந்த வாடை ஏறிவிட்டால், இன்று வாங்கியவர் நாளை வாங்க மாட்டார்.